எதைப் படிக்கலாம்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் வீடுதோறும் எழும் கேள்வி இது. 'எதில் வேலை கிடைக்கும்?' என்பதே அதன் உள்ளர்த்தமாகி வெகு காலமாயிற்று. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் பதினேழு வயதில் எடுக்கும் பாடம் ஆயுளுக்கும் எல்லை கட்டிவிடாது.

காரைக்குடியின் வள்ளல் அழகப்பர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். லண்டனில் படித்தது சட்டம். இறங்கிய தொழிலோ நெசவாலை. அவர்தான் 1947-இல் சொந்த மண்ணில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-இல் அது திறக்கப்பட்டது. இலக்கிய மாணவர் ஒருவர் தந்த நிலத்தில் இன்று மின்கல ஆராய்ச்சி நடக்கிறது.

பட்டப்படிப்பிலும் ஒரே பாடத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. முதன்மைப் பாடம் பிழைக்க வழி காட்டும். துணைப்பாடம் பார்வையை விரிக்கும். வேதியியலுக்குக் கணிதமும் வரலாற்றுக்குப் பொருளியலும் அப்படிப்பட்ட துணைகள். அவற்றைத் தேர்ச்சி மதிப்பெண்ணோடு கடந்துவிடுவது பெரிய இழப்பு.

பெற்றோரே, விண்ணப்பத்தை நிரப்பும் முன், யாரும் சொல்லாமலே உங்கள் பிள்ளை எடுத்துப் படிக்கும் புத்தகம் எது என்று கேளுங்கள்.