அனுபானமும் ஔஷதமும்

ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் சந்நிதியில் அபிஷேகமான தேனைச் சிறு கிண்ணத்தில் ஏந்திச் சென்று, வீட்டில் மாதக்கணக்காய் இருமிக்கொண்டிருப்பவருக்கு ஊட்டுகின்ற பக்தர்களைக் காணும்போதெல்லாம், என் மனத்தில் ஒரு வினா எழுவதுண்டு: வியாதி பிராரத்த கர்மத்தின் பயனாயின், பிரசாதம் கைக்கு வந்தபின் வேறு மருந்து நாடுவது அவநம்பிக்கை ஆகாதா?

கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகத்தை இக்கேள்வியோடுதான் தொடங்கினார்; வினையால் வந்தது என்று சொல்லிவிட்டு உய்யும் வழி தேடாதிருப்பது குறையே என்பது அவர் கருத்து. அவர் கண்ட உபாயம் பதிகமேயன்றி மாத்திரை அன்று என்பர் சிலர், மெய்தான், எனினும், உபாயம் தேடுவது கர்மக் கொள்கைக்கு விரோதமன்று என்னும் நியாயம் அங்கே நிலைபெற்றுவிட்டது.

பின்பு செம்பனைக் காடாகிவிட்ட, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், லயத்தின் பின்புறம் ஆடாதோடை வளர்த்த பாட்டி ஒருத்தியை நான் அறிவேன். இலையை வதக்கிப் பிழிந்து, அந்தக் கரும்பச்சைச் சாற்றில் திப்பிலிப் பொடியைத் தூவி, தேனை மட்டும் கடைசியில் அடுப்பைவிட்டு எட்ட வைத்துக் குழைப்பாள். "தேன் கூட்டிக்கிட்டுப் போகும்யா; வேலை செய்யிறது இலைதான்" என்பாள். வைத்திய நூல்கள் அனுபானம் என்று வழங்குவதை அவள் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டாள். அனுபானம் வாகனம், ஔஷதமே மூர்த்தி. மயிலை வணங்குவோம், ஆனால் முருகனை மலையிலேயே விட்டுவிட்டு மயிலை மட்டும் வீட்டுக்கு அழைத்து வருவார் உண்டோ?

க்ஷயரோகத்தில் இவ்விவேகம் உயிர்நாடியானது. 1882-ஆம் ஆண்டு ராபர்ட் கோக் கண்டறிந்து கூறிய அக்கிருமி, மெழுகுத்தன்மை கொண்ட உறைக்குள் ஒளிந்து மிக மெதுவாகப் பெருகுவதால், வழக்கமான சிகிச்சை முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் பின் நான்கு மாதம் இரண்டு மருந்துகளுமாக நீளுகிறது. நீர் குறைந்த, இயல்பாகவே புளிப்புத்தன்மை கொண்ட தேன் புறப்புண்ணில் கிருமியை ஒடுக்குமாயினும், விழுங்கியபின் அது சர்க்கரையாய்க் கரைந்துவிடுமேயன்றி, நுரையீரலில் பதுங்கிய கிருமியைச் சென்று தீண்டாது. தொண்டைக்கு அது இதம் தரும். அந்த இதத்தையே குணம் என்று மயங்கி மாத்திரையை நிறுத்துவோரிடம் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாய்த் திரும்பி வரக்கூடும். நீரிழிவு உள்ளவருக்கோ தேனும் கணக்கில் சேர்ந்த சர்க்கரையே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அது ஆகவே ஆகாது.

பச்சிலையும் வெறும் துணை என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் சத்தினின்றே சளியிளக்கும் புரோம்ஹெக்சின் பிறந்தது. திப்பிலியிலுள்ள பைப்பரின், க்ஷயரோக மருந்துகளுள் ஒன்றான ரிபாம்பிசினை உடல் ஏற்கும் அளவையே மாற்றவல்லது என்று ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். ஆதலின், உண்ணும் கஷாயத்தை மருத்துவரிடம் மறைப்பது பக்தியும் அன்று, புத்தியும் அன்று.

பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டவர் விரதத்தில் ஒருநாள் தவறினும் பதைத்துப்போகின்றார். அன்பரே, ஆறு மாத மாத்திரையையும் அவ்வாறே ஒருநாளும் வழுவாத விரதமாகக் கொள்ளுங்கள். சந்நிதித் தேனை அதன் பின்னர் நாவில் இட்டுக்கொள்ளுங்கள்.