தேர்ந்தெடுக்கும் கை

சின்ன காஞ்சிபுரத்தில் பளபளக்கும் பட்டு, முதலில் பளபளப்பதில்லை. சவுக்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் வெந்து, எடையில் ஏறத்தாழக் காற்பங்கு பசையாகக் கரைந்தோடிய பிறகே இழை மின்னுகிறது. ஓடிய பசையும் புரதம். எஞ்சிய இழையும் புரதம். இவ்விழையைப் படைத்தவர் யார் என்றால் வரதராசர் கோபுரத்தைக் காட்டுவோர் உண்டு. நாமோ புழுவைக் காட்டுகிறோம். அதன் பின்னே நீண்டு கிடக்கும் காலத்தைக் காட்டுகிறோம்.

திட்டமிட்டவன் இன்றி இத்துணை நுட்பம் எங்ஙனம் வந்தது? நல்ல வினாதான். அமினோ அமிலம் என்னும் மணிகள் இருபது வகை. நூறு மணிகளைக் கோக்கும் வழிகளை எண்ணினால், 1-ஐ அடுத்து 130 சுழிகள் இடவேண்டும்! அத்தனையையும் இயற்கை சோதிக்கவில்லை. உள்ளதிலே சிறு பிழை நேர்ந்தது, பயன்பட்ட பிழை நிலைத்தது, அதன்மேல் மற்றொன்று.

1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் உடனுழைத்தோரும், புரதச் சங்கிலி எவ்வாறெல்லாம் மடங்கலாம், எவ்வாறு மடங்கலாகாது என்று வரைபடம் தந்தனர். புரதத்தின் இலக்கணம் அது. ஆனால் இலக்கணம் கற்றவரெல்லாம் காவியம் பாடிவிடுகிறார்களா? எந்த மணியை மாற்றினால் எந்த வேலை சிறக்கும் எனக் கணக்கிட முயன்றோர் நெடுநாள் திணறினர்.

அமெரிக்காவில் பிரான்சிஸ் அர்னால்டு, எல்லாம் அறிந்தே தொடங்கவேண்டும் என்னும் செருக்கை விடுத்தார். மண்ணில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து, புரதத்தை அறுக்கும் நொதி ஒன்றைக் கொண்டார். அதன் மரபணுவிலே பிழைகள் நேரவிட்டார். கரிமக் கரைப்பானிலும் உழைக்கும் வகையைப் பொறுக்கினார். மீண்டும் பிழை, மீண்டும் பொறுக்கல். 1993-இல் வெளிவந்த முடிவு: பத்து மணிகள் மாறின, அக்கரைப்பானில் திறன் 256 மடங்கு! 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

இங்கேதான் நமது கவலை பிறக்கிறது. இயற்கைக்கு நோக்கமில்லை, ஆய்வுக்கூடத்துக்கு உண்டு. அளந்தது வளரும், அளக்காதது தேயும். பட்டுப்பூச்சியைப் பாருங்கள்! அதன் காட்டு உறவினம் இன்றும் பறக்கிறது. வீட்டுப் பூச்சிக்கோ சிறகு உண்டு, பறக்கும் ஆற்றல் இல்லை. பல்லாயிரம் தலைமுறைகளாக மனிதன் நூலையே பார்த்துப் பொறுக்கினான். பறத்தலைப் பறிக்க எவரும் எண்ணவில்லை, காக்கவும் எண்ணவில்லை.

"வலியது வாழும், அஃது இயற்கை நியதி" என்று வாய்கூசாது பேசுவோர், ஆய்வுக்கூடத்தில் பொறுக்குவது மனிதக் கை என்பதை மறைக்கின்றனர். அர்னால்டு எடுத்த நொதியின் இனத்தைச் சேர்ந்தவை, கொதியாத நீரிலேயே பட்டுப் பசையை அறுக்க வல்லவை. நாளை அவற்றை மேலும் திருத்துவோர் எதை அளப்பர்? இழையின் பளபளப்பை மட்டுமா? தொட்டியருகே நிற்பவரின் கைத்தோலையும், கால்வாயில் கலக்கும் கழிவுநீரையும் அளப்பரா? அந்த அளவுகோலைத் தீர்மானிக்கும் அறையில் பட்டறைத் தொழிலாளிக்கும் ஓர் இருக்கை வேண்டுமென்கிறோம்.