ஆமை என்ன சொல்கிறது?



இன்று அக்டோபர் 4, அசிசி நகர் புனித பிரான்சிஸின் திருநாள். வளர்ப்பு விலங்குகளை மந்திரிப்பதற்காக நாய், பூனையோடு பலர் வந்திருக்கிறீர்கள். மறைக்கல்விப் பிள்ளைகள் சிலர் பிளாஸ்டிக் டப்பாவில் ஆமையையும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பாட்டிமார் இருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கோயிலுக்குள்ளேயே புகுந்துவிட்டதே பாட்டி, இனி என்ன செய்ய?

ஆமையைப் பற்றிப் பேசுமுன் ஒரு நற்செய்திக் காட்சி. மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், காது கேளாத, பேச்சும் சரியாக வராத ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் முதலில் என்ன செய்தார்? அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போனார். காதில் விரலை வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சுவிட்டார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார். காது கேட்காதவருக்குப் பிரசங்கம் செய்து பயனில்லை என்று தெரிந்து, அவருக்கு விளங்கும் வழியில் பேசினார். நாமோ நமக்குத் தெரிந்த பாஷையை எல்லார் மேலும் ஏற்றுகிறோம், ஆமையின் மேலும்.

காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமைதான் நம் வீடுகளில் அதிகம். அது முன்கால் நகங்களைப் படபடவென்று ஆட்டினால் "டாட்டா காட்டுது ஃபாதர்" என்கிறார்கள் பிள்ளைகள். ஆண் ஆமை பெண் ஆமையின் முகத்துக்கு முன்னே செய்யும் காதல் சைகை அது. குட்டிகளும் சில நேரம் அப்படி ஆட்டும். நமக்கு வணக்கம் சொல்வதாக நினைக்க வேண்டாம். தொட்டதும் புஸ்ஸென்று சத்தம் வந்தால் கோபம் என்கிறோம். பயந்து தலையை உள்ளே இழுக்கும்போது, இடம் போதாமல் நுரையீரல் காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஓட்டைப் பேனாவால் தட்டி விளையாடுகிறவர்கள் இதையும் கேளுங்கள்: விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து ஆனதுதான் அந்த ஓடு. தட்டுவது ஆமைக்குத் தெரியும்.

வெயில்படும் கல்லின் மேல் ஏறிக் கழுத்தையும் பின்கால்களையும் நீட்டிக் கிடந்தால் செத்துவிட்டதோ என்று பதறுகிறோம். உண்மையில் அப்போதுதான் அது நிம்மதியாக இருக்கிறது. நம்மைக் கண்டதும் கண்ணாடியருகே நீந்தி வருவது பெரும்பாலும் இரைக்காக. ஆனால் நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டினால் தொட்டி சிறிதாக இருக்கலாம், அல்லது ஏறிக் காய இடமில்லாமல் இருக்கலாம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சாப்பிடாமல், அசையாமல் மூலையில் கிடக்கும் ஆமையை "சாது" என்று பாராட்டுகிறோம். தண்ணீர் குளிர்ந்திருக்கலாம், நோயும் வந்திருக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவிட்டால், மூக்கில் நுரை கட்டினால், ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினால் நுரையீரலில் தொற்று இருக்கக்கூடும். காய்ந்த இறாலையே போட்டு வளர்த்த ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்வதுண்டு. கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். தன் கால்நடையின் உயிர்மேல் அக்கறை கொள்பவனை நீதிமான் என்கிறது நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம். செபம் எவ்வளவு சொல்வான் என்று அந்த இடத்தில் கேட்கவில்லை.

ஆமைக்குக் குரலே இல்லை என்றுதான் நெடுங்காலம் பலரும் நினைத்திருந்தார்கள். அமேசான் படுகையில் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டபோது, பெரிய ஆற்று ஆமைத் தாய்கள் குஞ்சுகளோடு குரல் கொடுத்துப் பேசுவது தெரிந்தது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 50 ஆமை இனங்களின் ஒலிகள் பதிவாகியிருந்தன. அவை பேசிக்கொண்டுதான் இருந்தன, கேட்க ஆள் போகவில்லை.

வீட்டிலும் இப்படி நடக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராத அப்பா தட்டைத் தள்ளிவிட்டால் "அடம்" என்கிறோம். கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் மகளை "சத்தமே இல்லாத பிள்ளை" என்று உறவினரிடம் மெச்சுகிறோம். இந்த வாரம் அவர்களைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போய், பக்கத்தில் உட்காருங்கள். உடனே புத்திமதி வேண்டாம்.

ஆமை வளர்ப்போருக்கு இன்னும் சில வார்த்தைகள். நட்சத்திர ஆமையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சிவப்புக் கோட்டு ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. உள்ளங்கையளவில் வாங்கியது கிட்டத்தட்ட ஒரு அடி வரை வளரும், 20, 30 ஆண்டு வாழும். சலித்துப்போய் ஏரியில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மந்திரிக்கும்போது நான் எந்த ஆமையையும் தொடப்போவதில்லை, தீர்த்தத்தை லேசாகத் தெளிப்பேன். டப்பாவை நிழலில் வையுங்கள், கூடி நின்று தட்டாதீர்கள். ஆமையைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதனால்தான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இலேயே தடை போட்டது. குழாய் கெபிக்குப் பின்னால் இருக்கிறது.