மஞ்சள் விளக்கு



நம்ம கெடாவில் ஆயுத பூசை அன்றைக்கு எந்தத் தோட்டத்துக் கோயிலுக்குப் போனாலும் வாசலில் காடிகள் வரிசையாக நிற்கும். சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம், நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். தீபாராதனை முடிந்ததும் பழத்தை நசுக்கிக்கொண்டு காடி நகரும். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது. ஆனால் நான் வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் கை கறுத்தவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சமய வகுப்பு ஆசிரியர். அதனால் என் கண் மாலையில் நிற்காது. கண்ணாடி வழியாக உள்ளே மீட்டருக்குப் போய்விடும். அங்கே சில காடிகளில் ஒரு சின்ன என்ஜின் படம் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். அதற்கு நேர் மேலே, டேஷ்போர்டில், பிள்ளையார் உட்கார்ந்திருப்பார்.

“தம்பி, செக் என்ஜின் லைட் எரியுதே?”

“அது ரொம்ப நாளா எரியுதுண்ணே. காடி நல்லாத்தான் ஓடுது.”

இந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறேன்.

முதலில் விளக்கைப் புரிந்துகொள்வோம். காடிக்குள் ஒரு கணினி இருக்கிறது. என்ஜினுக்குள் போகிற காற்று எவ்வளவு, ஊற்றுகிற பெட்ரோல் எவ்வளவு, புகையில் மிச்சமிருக்கிற ஆக்ஸிஜன் எவ்வளவு என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு தப்பினால் ஒரு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கை ஏற்றும். அமெரிக்காவில் 1996 முதல் விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் இந்தக் கண்காணிப்பு ஒரே முறையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பிறகு உலகமெங்கும் பரவியது. இன்றைக்கு நீங்கள் ஓட்டுகிற மைவியிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, முட்டிக்கு மேலே, பதினாறு துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகினால் அந்த எண்ணைப் படிக்கலாம்.

இந்த விளக்கு அவசரக்குடுக்கை இல்லை. பல கோளாறுகளுக்கு முதல் தடவையே எரியாது. குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். அடுத்த பயணத்திலும் அதே கோளாறு வந்தால்தான் எரியும். ஆக, அது எரிகிறது என்றால் ஏற்கெனவே ஒருமுறை உங்களை மன்னித்துவிட்டது என்று அர்த்தம்.

நம் சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றி ஒன்று சொல்கிறது. உயிர் தானாக அறியாது, அறிவித்தால்தான் அறியும். அறிவிப்பவன் உள்ளேயே இருக்கிறான். ராத்திரி படுக்கையில் நெஞ்சு உறுத்துகிறதே, அம்மா முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் போகிறதே, அதெல்லாம் தண்டனை என்று நாம் நினைக்கிறோம். அது தண்டனை இல்லை. அதுவே அருள்தான். விளக்கு கோளாறு அல்ல; கோளாறைக் காட்டுகிற கருணை.

ஆனால் மனுஷன் என்ன செய்கிறான்? ஒருத்தர் மீட்டர் மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். “ராத்திரி ஓட்டும்போது கண்ணைக் குத்துது” என்றார். இன்னொரு தம்பி பழைய காடி வாங்கிவிட்டு, “பாருங்கண்ணே, ஒரு லைட்டும் எரியல, சுத்தமான வண்டி” என்று சந்தோஷமாகக் கொண்டுவந்தான். சாவியைத் திருப்பிப் பார்த்தேன். என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அதுதான் முறை. அவன் காடியில் அந்த ஒன்று மட்டும் எரியவே இல்லை. விற்றவர் யாரோ விளக்கையே செயலிழக்கச் செய்துவிட்டிருக்கிறார். பழைய காடி வாங்குகிறவர்கள் இதை மறக்காதீர்கள். எரியாத விளக்கைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

மூன்றாவது வழி ரொம்ப நாகரிகமானது. ஸ்கேனரைச் சொருகி ‘அழி’ என்று அமுக்குவது, அல்லது பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது. விளக்கு அணைந்துவிடும். சில நாள் ஓடினால் திரும்ப வரும், ஏனென்றால் உள்ளே ஒன்றும் மாறவில்லை. நாம் செய்கிற பரிகாரங்களில் பாதி இந்த ரகம்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அர்ச்சனை சீட்டு எடுப்பது தப்பே இல்லை. சீட்டு எடுத்த கையோடு நேராகப் பழைய இடத்துக்கே போனால் அது எண்ணை அழித்த கதைதான். 2015இல் வோல்க்ஸ்வேகன் நிறுவனம் மாட்டிக்கொண்டதே, உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்ட டீசல் கார்கள்! பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்தால் புகையைச் சுத்தமாக விடும், ரோட்டுக்கு வந்தால் இஷ்டத்துக்கு விடும். அப்படி ஒரு மென்பொருளை உள்ளே வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் ஒரு ஆள், வெளியே வேறு ஆள். நம்மிலும் அந்த மாடல் நிறையவே ஓடுகிறது.

சரி, எண்ணைப் படித்துவிட்டோம். அதோடு முடிந்ததா? இங்கேதான் கவனம் வேண்டும். எண் சொல்வது அறிகுறியை, காரணத்தை அல்ல. பி0171 என்று வந்தால் ‘பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்’ என்று பொருள். அவசரப்பட்டு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி நூற்றுக்கணக்கில் வெள்ளியை விட்டவர்கள் உண்டு. பாவம், அந்த சென்சார் உண்மையைத்தான் சொன்னது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. உண்மை சொன்னவனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருடனை வீட்டில் வைத்துக்கொண்ட மாதிரி.

பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. நல்ல மெக்கானிக் உடனே சாமான் வாங்க ஓடமாட்டார். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுவார், இரண்டாவதை முதலாவதில். எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில்தான், அதோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது. மறுபடியும் பி0301தான் என்றால் பிளக்கைப் பார், இன்ஜெக்டரைப் பார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. வீட்டில் சண்டை, வேலையில் சண்டை, கோயில் கமிட்டியிலும் சண்டை, எங்கே போனாலும் சண்டை என்றால், எந்தச் சாமான் எல்லா இடத்துக்கும் கூடவே போகிறது என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

கந்த சஷ்டியில் வருஷா வருஷம் சூரசம்ஹாரம் பார்க்கிறோம். சூரபத்மனுக்கு எத்தனை விளக்கு எரிந்தது என்று எண்ணியிருக்கிறீர்களா? தம்பி தாரகன் முதலிலேயே வீழ்ந்தான். கிரவுஞ்ச மலை பிளந்தது. அப்புறமும் முருகன் உடனே போருக்குப் போகவில்லை. வீரபாகுவைத் தூது அனுப்பினார். அடைத்து வைத்திருக்கிற தேவர்களை விட்டுவிடு, அவ்வளவுதான் கேட்டார். கடைசியில் சொந்தத் தம்பி சிங்கமுகனே சபையில் எழுந்து, விட்டுவிடுங்கள் அண்ணா என்றான். அண்ணன் அவனையே ஏசினான். தேவர்களைச் சிறை வைத்தது எண். அதன் அடியில் இருந்த காரணம் ஆணவம். பெரியவர்கள் சூரனை ஆணவ மலத்துக்கு வைத்துச் சொல்வது சும்மா இல்லை. ஆனால் முருகன் அந்தச் சாமானைத் தூக்கி எறியவில்லை, பாருங்கள். மயிலாக்கினார், சேவலாக்கினார். பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

இப்போது நிறத்தையும் துடிப்பையும் சொல்லிவிடுகிறேன், இதில் உயிர் இருக்கிறது. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், நிதானமாக ஓட்டி ஓரிரு நாளில் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். சிவப்பில் எண்ணெய்க் கிண்ணமோ வெப்பமானியோ எரிந்தால், பாதுகாப்பான ஓரமாக நிறுத்தி என்ஜினை உடனே அணைக்க வேண்டும். ‘சுங்கை பட்டாணி வரைக்கும் தாங்கும்’ என்கிற பேச்சே கூடாது. மஞ்சளே விட்டு விட்டுத் துடித்தால் அதுவும் அவசரம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிக்கொண்டிருக்கிறது. வேகத்தைக் குறை, சீக்கிரம் நிறுத்து.

மனுஷனிலும் இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கூலிம் ஹைடெக்கிலிருந்து வருகிற தம்பி சரியாகத் தூங்குவதில்லை, ஆலோங்கிடம் வாங்கியதை வீட்டில் மறைக்கிறான், வாரக் கடைசி தண்ணி இப்போது புதன்கிழமையே தொடங்குகிறது. இது நிலையான மஞ்சள். நாளைக்கே உட்கார்ந்து பேசலாம். ஆனால் சிரித்துப் பேசின பிள்ளை ஆள் சேர்க்கை இல்லாமல் ஒதுங்குகிறான், தனக்குப் பிடித்த பொருளையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறான், “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்கிறான் என்றால் விளக்கு துடிக்கிறது. அப்போது அவனுக்குப் புத்தி சொல்லாதீர்கள். ‘சாமி கும்பிடு, சரியாயிடும்’ என்று அனுப்பியும் விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். உயிரை விடுகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் இதற்கெல்லாம் விளக்கு தேவைப்படவில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு ஒரு ஆள் வரவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். லயத்தில் ஒரு வீட்டு அடுப்புப் புகையவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். பால்மரம் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் தாமான் வந்தது. இன்றைக்கு பாடாங் செராயிலும் பீடோங்கிலும் கேட்டைப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம். அடுத்த வீட்டில் என்ன எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த அக்கா வேலையை இனிமேல் நீங்கள்தான் செய்ய வேண்டும். வகுப்புக்கு இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது ஒருத்தர் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் வாருங்கள், வாட்ஸ்அப் போதாது.

வருகிற ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஸ்கேனர் கொண்டுவருகிறேன். லைட் எரிகிற காடிகளை மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்துங்கள், காசு வேண்டாம். ஒன்று மட்டும். மானத்துக்குப் பயந்து முதல் நாளே பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு வராதீர்கள். எனக்குப் படிக்க அதில் ஒன்றும் இருக்காது.