நிலமும் நடுவு நிலைமையும்

செரண்டா வட்டாரத்தில் ஒரு காலத்தில் இரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்ற இடங்கள் பல, இன்று தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் உருமாறியுள்ளன. நிலத்தின் பயன் காலந்தோறும் மாறுவது இயல்பே. தொழிற்சாலை பலருக்கு வேலை தருகிறது. புதிய குடியிருப்பு பலருக்கு நிழல் தருகிறது. ஆயினும், ஒரு நிலம் இனி எதற்குப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்பவர் யார், அவர் எவர் சொல்லைக் கேட்டு முடிவு செய்கிறார் என்னும் வினாக்கள் அறத்தின்பாற்பட்டவை. தோட்டம் கைமாறும்போது லயத்து வீடும், கோயிலும், தமிழ்ப்பள்ளியும், இடுகாடும் அம்முடிவையே நம்பி நிற்கின்றன.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். கோணுதல் என்றவுடன் கையூட்டே பலர் நினைவுக்கு வருகிறது. ஆனால், கோணுதல் இருவகைப்படும். தன்னலத்தாலும் உறவாலும் ஒரு பக்கம் சாய்வது ஒன்று. சிலரைக் கணக்கிலேயே கொள்ளாது விடுவது மற்றொன்று. முன்னதைக் கண்டுபிடித்தல் எளிது. பின்னது, நேர்மையாளர் கையிலும் நிகழக்கூடியது.

பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுகிறது. ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலையில் இடம்பெறலாகாது என அது விதித்தது. உறவு தீர்ப்பை வளைக்கும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். அதே கல்வெட்டு, வாரியத்தில் அமர வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்றது. முதல் கோணலைத் தடுத்த சபை, நிலமற்றவரை வெளியே நிறுத்தியது. இரண்டாம் கோணல் அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை.

நம் நாட்டிலும் இவ்விரண்டும் ஓரிடத்தில் எதிர்ப்பட்டன. கோலாலம்பூரில் ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் வானுயர் அடுக்குமாடிகள் எழுப்ப 2017-ஆம் ஆண்டில் அனுமதி வழங்கப்பட்டது. விண்ணப்பித்தவற்றுள் ஓர் அறவாரியமும் இருந்தது. அனுமதி வழங்கும் பொறுப்பிலிருந்த மாநகர முதல்வர் அந்த அறவாரியத்தின் அறங்காவலருள் ஒருவராகவும் இருந்தார். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த நலன் முரணைக் குறையாகக் கண்டு அனுமதியை நீக்கியது. 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்நீக்கத்தை உறுதி செய்தது. கேட்பவர் பக்கத்திலும் கொடுப்பவர் பக்கத்திலும் ஒருவரே அமர்ந்தால், அவர் எத்துணை நல்லவராயினும், தீர்ப்பின்மீது நம்பிக்கை நிலைபெறாது.

எனினும், கதை அங்கே முடியவில்லை. அதே இடத்தில், பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களின் தொடக்கம் முதல் தற்காலிக நீள்வீடுகளில் வாழ்ந்து வந்தன. அவர்களுக்கு நிலையான வீடு கட்டித் தருவதும் அத்திட்டத்தின் ஒரு பகுதியாகச் சொல்லப்பட்டது. அனுமதி நீங்கியதால் பூங்கா காக்கப்பட்டது, முறைகேடு திருத்தப்பட்டது. ஆயின், அக்குடும்பங்களுக்குத் தீர்ப்பு கூரை தரவில்லை. பூங்காவை நாடியோர் ஒருபுறமும் வீட்டை நாடியோர் மறுபுறமும் நிற்க நேர்ந்தது யார் பிழை? தோட்டம் மூடப்பட்ட நாளிலேயே அவர்கள் கணக்கில் கொள்ளப்பட்டிருந்தால், இந்த மோதலுக்கே இடமிருந்திராது.

1976-ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம் ஆட்சேபம் கேட்க வழி வகுத்திருக்கிறது. ஆயினும், வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் அனுமதி வழங்குமுன் அது தேடிச் சென்று அறிவிக்கச் சொல்வது அண்டை நில உரிமையாளருக்கே. மூன்று தலைமுறை அம்மண்ணில் பால் வெட்டியவர் பெயர் நிலப்பட்டாவில் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனை மீட்கலாம் என்று செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான ஆணையம் 1968-இல் பரிந்துரைத்தும் பயனில்லை. ஆகவே, உலு சிலாங்கூரிலும் மன்ற உறுப்பினர் நியமிக்கப்படுகின்றனரேயன்றி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. வாக்குச்சீட்டால் கேள்வி கேட்க முடியாத மக்களின் மீது முடிவெடுப்பவர்க்கு, நடுவு நிலைமை இருமடங்குக் கடமையாகிறது.

அக்கடமை அரிதன்று. தமக்கோ உறவினர்க்கோ நலன் உள்ள பொருள் எழும்போது அதனை வெளிப்படக் கூறி அவையை விட்டு எழுந்து செல்லுதல். முடிவின் காரணத்தை எழுத்தில் தருதல். இவ்விரண்டினும் முந்தியதாக, பட்டாவில் பெயரற்றவரைத் தேடிச் சென்று கேட்டல். முதல் இரண்டும் தீர்ப்பாளரின் கையைத் தூய்மையாக்கும். மூன்றாவதே தீர்ப்பை முழுமையாக்கும். தராசின் முள் கோணாது நின்றால் மட்டும் போதாது. எடை போட வேண்டிய பொருள் அனைத்தும் தட்டில் ஏறியிருக்கவும் வேண்டும்.