மண்ணில் இருந்ததா குடம்?

குடம் வனையப்படுவதற்கு முன்னால் அது மண்ணுக்குள் இருந்ததா, இல்லையா என்னும் வினாவை நம் தேசத்துத் தார்க்கிகர்கள் பல நூற்றாண்டுகள் சலியாமல் விவாதித்தார்கள். இருந்தது என்றார்கள் சாங்கியர். காரியம் காரணத்திலேயே சூட்சுமமாய் அடங்கியிருக்கிறது, எண்ணெய் எள்ளிலிருந்து வருமேயன்றி மணலிலிருந்து வராது என்பது அவர்களுடைய சத்காரியவாதம். இல்லை என்றார்கள் நையாயிகர். குடம் முன்பே இருந்திருக்குமானால் குயவன் எதற்காகப் பாடுபடுகிறான், மண்ணுருண்டையைக் கொண்டு ஏன் தண்ணீர் மொள்ள முடியவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். இது வேலையற்ற பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள், சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பரிசோதிக்கும் அதிகாரி ஒருவர் என்ன செய்கிறார் என்பதைச் சற்றுச் சிந்தித்தால், அதே வழக்கு வேறு உடையில் அங்கே நடந்துகொண்டிருப்பதைக் காண்பார்கள்.

உதாரணமாக, லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் இரண்டு ஆட்கள் நாடாவின் இரு முனைகளைப் பற்றி நின்று அளந்த அறையை, இப்போது மேஸ்திரி ஒருவரே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பொத்தானை அழுத்தி, எதிர்ச்சுவரில் செம்புள்ளி விழுந்த மறுகணமே அளந்துவிடுகிறார். 3 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு ஆகும் காலம் ஒரு விநாடியில் ஐந்து கோடியில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் பிசகையும் கண்டுகொள்ள வேண்டுமானால், விநாடியை 15,000 கோடிக் கூறாக்கி அதில் ஒரு கூறைப் பிரித்தறிய வேண்டும். நேராக அவ்வாறு கணக்கிடுவது அரிதாகையால், ஒளியின் பிரகாசத்தை விநாடிக்குப் பல கோடி முறை ஏற்றி இறக்கி அனுப்பி, புறப்பட்ட அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையே உள்ள பின்னடைவைக் கணித்துத் தூரத்தை அறியும் உபாயத்தைப் பல கருவிகள் மேற்கொள்கின்றன. ஆனால் பத்துக் கோடி முறை ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் அதே பின்னடைவு மீண்டும் தோன்றி மயக்குமாகையால், மெதுவான ஏற்ற இறக்கத்தால் முதலில் சுமாராகவும், விரைவானதால் பிறகு நுட்பமாகவும் அளக்கிறார்கள்.

இத்தகைய கருவியைப் புதிது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், சாங்கியர் புன்னகை செய்வார். ஒளி சென்று திரும்பும் காலத்தை அளக்க முடியுமா என்று, 1638-ல் வெளியான தம் நூலில், மூடியிட்ட விளக்குகளோடு இருவரை எதிரெதிரே நிற்கவைக்கும் சோதனையைக் கலிலியோ கூறவில்லையா? 1849-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிஸோ, பாரிஸ் அருகே சுமார் 8.6 கிலோமீட்டர் இடைவெளியில் ஒளியை அனுப்பி, சுழலும் பற்சக்கரத்தின் இடுக்கு வழியே திரும்பி வரச்செய்து அதன் வேகத்தைக் கணிக்கவில்லையா? அவர் தூரத்தைத் தெரிந்துகொண்டு வேகத்தை அறிந்தார். வேகம் தெரிந்தபின் தூரத்தை அறிவது அதே கணக்கைத் திருப்பிப் போடுவதுதானே? ஸ்வீடன் தேசத்து பெர்க்ஸ்ட்ராண்ட் 1940-களில் ஒளியின் வேகத்தைத் துல்லியமாக அறியப் புகுந்து, நில அளவைக்கு உதவும் ஜியோடிமீட்டரில் வந்து முடிந்த சரித்திரம் இதற்குச் சாட்சி. 1960-ல் அமெரிக்காவில் மெய்மன் மாணிக்கக் கல்லிலிருந்து லேசர் ஒளியை எழுப்பினார்; விளக்கை மாற்றி லேசரை வைத்தார்கள். எள் முன்பே இருந்தது; செக்கும் இருந்தது; எண்ணெயைப் புதிது என்பானேன்?

நையாயிகர் விடமாட்டார். எல்லாம் முன்பே இருந்தது என்பது காரியம் கைகூடிய பிறகு பேசும் பேச்சு. விடை சொல்லப்பட்ட விடுகதை எவருக்கும் எளிதுதான். ஃபிஸோவின் பற்சக்கரத்துக்கும் ஜியோடிமீட்டருக்கும் இடையே ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழிந்தன. கணக்கைத் திருப்பிப் போடுவது அத்தனை சுலபமென்றால் அந்த நூறு ஆண்டுகளும் உலகம் என்ன செய்துகொண்டிருந்தது? இருந்தது வெளிப்பட்டதே தவிர, புதிதாக ஒன்றும் உண்டாகவில்லை என்று சாங்கியர் மறுமொழி கூறினால், அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா, இல்லையா என்று நையாயிகர் மடக்குவார். இருந்ததென்றால் முயற்சி வீண். இல்லையென்றால் புதிது ஒன்று பிறந்ததாக ஒப்புக்கொண்டதாகும்.

பரிசோதகர் இவ்விருவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார். சாங்கியருக்கு முழுதும் இணங்கினால் எந்த விண்ணப்பத்தையும் ஏற்க முடியாது; நையாயிகருக்கு முழுதும் இணங்கினால் எதையும் தள்ள முடியாது. ஆகவே சட்டம் அவருக்குத் துணையாக ஒரு கற்பனை மனிதனைச் சிருஷ்டித்துத் தந்திருக்கிறது. அந்தத் தொழிலில் இதுவரை வெளியான அனைத்தையும் கற்றவன், கைத்தேர்ச்சி உள்ளவன், ஆனால் தானாக ஒன்றைப் புனையும் பிரதிபை மட்டும் வாய்க்காதவன் அவன். அவனுக்கு இயல்பாகவே தோன்றக்கூடியது கண்டுபிடிப்பு ஆகாது; அவனும் திகைத்து நிற்கும் இடத்தைத் தாண்டி எடுத்துவைத்த அடியே கண்டுபிடிப்பு. இப்படி ஒருவன் எங்கும் பிறந்ததில்லை; எனினும் புதுமை என்பது வஸ்துவில் மட்டும் இருப்பதன்று, அறிவு நின்றுபோன எல்லையைக் கொண்டே அதை அறிய வேண்டும் என்னும் ஆழ்ந்த உண்மை அவனுக்குள் அடங்கியிருக்கிறது.

நம் சட்டத்தின் நடைமுறையைப் பாருங்கள். ஒளியின் வேகம் மாறாதது என்னும் தத்துவத்தை எனக்கு உரிமையாக்குங்கள் என்று ஒருவர் கேட்டால், விஞ்ஞானத் தத்துவத்தை வெறுமனே கண்டறிவது கண்டுபிடிப்பன்று என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கதவைச் சாத்துகிறது. தூரமளக்கும் பெட்டியோடு ரசமட்டத்தையும் ஒட்டிவிட்டேன் என்று அவர் வந்தால், தனித்தனியே தத்தம் பழைய வேலையையே செய்யும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது கண்டுபிடிப்பாகாது என்கிறது அதே பிரிவு. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பரப்பைச் சொல்கிறேன் என்றால், கணிதமுறைக்கு இங்கே இடமில்லை. ஆனால் சூட்டினால் கருவியின் மின்சுற்று தடுமாறி அளவு பிசகுவதைக் கண்டு, அந்தப் பிசகைக் கருவி தானே அறிந்து தள்ளிவிடும்படி இதுவரை எவரும் அறியாத ஓர் ஒழுங்கை அமைத்தேன் என்று அவர் காட்டுவாரானால், பரிசோதகர் நிமிர்ந்து உட்கார்வார். கருவி ஒளியை எதிர்ச்சுவரின் மேல் செலுத்தித் திரும்பி வருவதை எண்ணுகிறது. பரிசோதகரோ விண்ணப்பத்தின் வாசகங்களைச் சென்றுபோன காலத்தின்மேல் செலுத்தி, பழைய ஏடுகளிலிருந்து ஏதேனும் எதிரொளிக்கிறதா என்று பார்க்கிறார். ஒன்றும் திரும்பி வராத இடத்தில்தான் புதுமை தொடங்குகிறது.

இந்த விவகாரத்தைத் தெளிவிக்கச் சைவ சித்தாந்திகளின் பாகுபாடு ஒன்று பெரிதும் உதவுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். சித்தாந்தி சத்காரியவாதியே, குடம் மண்ணில் சூட்சுமமாய் இருந்தது என்பதே அவர் கொள்கை. ஆயினும் குயவன் இன்றிக் குடம் வெளிப்படாது என்பதையும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. காப்புரிமையின் நியாயமும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. மண்ணாகிய ஒளியின்மேல் எவருக்கும் உரிமை இல்லை; சக்கரமாகிய பழைய கருவிகள் எல்லோருக்கும் பொது; குயவனின் முயற்சிக்கு மட்டுமே, அவன் வனைந்த அந்த ஒரு குடத்தின் அளவில், சட்டம் மரியாதை செய்கிறது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிகோலிய அறிக்கையை 1959-ல் அளித்தவர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார். இந்த உரிமை கண்டுபிடித்தவனின் லாபத்துக்காக மட்டுமன்றித் தேசத்தின் நன்மைக்காகவும் நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து.

குயவன் யார் என்று நிச்சயிப்பதுகூட எளிதன்று. அமெரிக்காவில் கோர்டன் கூல்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் 1957 நவம்பரில் தம் குறிப்பேட்டில் லேசரின் அமைப்பை எழுதி, அந்தச் சொல்லையும் எழுதி, ஒரு மிட்டாய்க் கடைக்காரரிடம் சான்றொப்பமும் பெற்றார். கருவியைச் செய்து காட்டினாலன்றி விண்ணப்பிக்க முடியாது என்று தவறாக எண்ணித் தாமதித்தார். அதற்குள் டவுன்ஸ், ஷாலோ என்னும் விஞ்ஞானிகள் இருவர் விண்ணப்பித்து 1960-ல் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். நெடிய வழக்குகளுக்குப் பிறகு, 1977-ல்தான் லேசர் பற்றிய முக்கியமான உரிமை ஒன்று கூல்டின் கைக்கு வந்தது. ஒரே மண்ணில் ஒரே குடத்தை ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு திறத்தார் கண்டார்கள் என்றால், அது மண்ணிலேயே இருந்தது என்ற சாங்கியரின் பேச்சை அடியோடு தள்ளிவிட முடியுமா?

தள்ள முடியாது; தள்ளவும் வேண்டியதில்லை. அதனால்தான் சட்டம் கண்டுபிடித்தவனுக்கு நிரந்தர பாத்தியதை தராமல், இருபது ஆண்டுக் குத்தகையோடு நிறுத்திக்கொள்கிறது; அதற்கு ஈடாகத் தன் ரகசியம் முழுவதையும் பிறர் படித்துச் செய்யத்தக்க விதமாக அவன் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். குடம் குயவனுடையது என்பதை முதல் இருபது ஆண்டுகள் ஒப்புக்கொள்கின்றன. அது மண்ணுடையது என்பதை இருபத்தோராம் ஆண்டு ஒப்புக்கொள்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு கழிந்ததும், அந்தத் தூரமளக்கும் கருவியை எவர் அனுமதியும் கேளாமல் எவரும் செய்யலாம்.