ஆளில்லாத வளை

ஒரு பென்சில் நுழையும் ஓட்டை போதும். சுமார் 6 மில்லிமீட்டர். மண்டை நுழைந்துவிட்டால் உடம்பு பின்னாலேயே வந்துவிடும், சுண்டெலிக்குக் கணக்கு அவ்வளவுதான். ஆர்.வி. என்று இங்கே சொல்கிற, உள்ளே கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் வைத்து வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டில் இப்படி எத்தனை ஓட்டை இருக்கும் என்பதை விற்கிறவர் சொல்வதில்லை. கரண்ட் கேபிள் உள்ளே போகும் மூலை, கேஸ் குழாய் தரையைத் துளைக்கும் இடம், சிங்க்கிலிருந்து இறங்கும் பைப்பைச் சுற்றி, ஹீட்டரின் புகைவாய், பக்கவாட்டில் இழுத்து நீட்டும் அறையின் ரப்பர் விளிம்பு. வெளியே பளபளவென்று இருக்கும். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் சல்லடை.

நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். அக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை எங்கள் டிரெய்லர் ஊருக்கு வெளியே ஒரு வாடகை நிறுத்துமிடத்தில் கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளி. வருடத்தில் நாங்கள் அதற்குள் தூங்குவது இருபது இரவு இருந்தால் அதிகம். மிச்ச நாளெல்லாம் மெத்தையும், சுவருக்குள் பஞ்சும், எங்கோ ஒரு இடுக்கில் சிந்திய முறுக்குத் தூளும் இருக்கிற, மழை படாத, ஆந்தை வராத ஒரு பெட்டி அது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம்மூரில் சொல்வது சொந்த வீடு தேடும் மனிதர்களுக்காக. எலியிடம் சொன்னாலும் மறுக்காது.

ஆறு மாதம் ஆளில்லாமல் கிடந்த இடத்தில் ஒரு உயிர் குடிவந்துவிட்டால், அதைக் கொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வருகிறது? இதுதான் என் கேள்வி. என் வீடு என்று சொல்லலாம். ஆனால் வீடு என்பதன் உரிமையில் பாதி, அங்கே இருப்பதால் வருவது. விளக்கு எரியும், ஆள் நடமாடும், சமையல் நடக்கும். ஆர்.வி.யில் எனக்கு இருப்பது பத்திரமும் பூட்டும். பூட்டு எலிக்குப் புரியாது.

"எலியக் கொல்லாதடா, பிள்ளையார் வாகனம்" என்பாள் அம்மா, போனில். அதே அம்மாதான் கோவில்பட்டி வீட்டில் எலிப்பொறியில் மசால்வடையைக் கொக்கியில் மாட்டிவைப்பாள். காலையில் அப்பா பொறியை அப்படியே வாளித் தண்ணீரில் முக்குவார். அந்த நேரத்துக்கு அம்மா கொல்லைப்பக்கம் வரமாட்டாள். இதை முரண் என்று சொல்லிச் சிரிக்க எனக்கு விருப்பமில்லை. நெல்மூட்டை வைத்திருந்த வீட்டில் வேறு வழியும் இருக்கவில்லை.

கொல்லவே கூடாது என்பவர்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே வருவது நம்மூர்ச் சுண்டெலி இல்லை. டியர் மவுஸ் என்பார்கள். மான் நிறம், வெள்ளை வயிறு, பெரிய கண்கள், பார்த்தால் பிடித்துவிடும் அழகு. இதன் மூத்திரத்திலும் புழுக்கையிலும் ஒரு வகை ஹான்டா வைரஸ் இருக்கலாம். 1993-ல் நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத் திணறிச் செத்தபோதுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது. சின் நோம்ப்ரே என்று பெயர், ஸ்பானிஷில் 'பெயரில்லாதது'. நுரையீரலைத் தாக்கினால் மூன்றில் ஒருவருக்கும் மேல் இறக்கிறார்கள். 2012-ல் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களில் 10 பேருக்கு வந்து 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கியது குளிர் தாங்க இரட்டைச் சுவர் வைத்துக் கட்டிய கூடாரக் குடில்களில். அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவேதான் எலிகள் கூடு கட்டியிருந்தன. டிரெய்லரின் சுவரும் அதே அமைப்புதான். என் மகளுக்கு நாலு வயது. அவள் படுக்கை அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது.

ஆக, சேர்ந்து வாழலாம் என்கிற கவிதை இங்கே செல்லாது. அப்புறம் எப்படி?

கடைக்குப் போனால் அலமாரி நிறைய பதில் இருக்கும். பெப்பர்மின்ட் எண்ணெய், வாசனைத் துணி, காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி. ஒலிக்கருவிகளைப் பற்றி அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, இன்னும் விற்கிறார்கள். பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். இங்கிலாந்தில் 2024 ஜூலையில் இருந்து உரிமம் இல்லாதவர் அதை வைப்பது குற்றம். விஷம் வைத்தால் சில நாள் உள்ளே ரத்தம் கசிந்து சாகும், அதைத் தின்னும் ஆந்தையும் கெடும்.

உயிரோடு பிடித்துத் தூரத்தில் விடும் பொறியைத்தான் என் நண்பர்கள் பலர் வாங்குகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நவம்பர் மாதக் குளிரில், சேர்த்துவைத்த விதையும் கூடும் இல்லாமல், வேறு எலிகளின் எல்லைக்குள் அதைக் கொட்டிவிட்டு வருவதற்குக் கருணை என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அப்பாவின் வாளி கொஞ்சம் நீளமாகிவிட்டது, அவ்வளவுதான்.

சூ டொனால்ட்சன், வில் கிம்லிக்கா என்ற கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2011-ல் 'ஸூபோலிஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். வீட்டு விலங்கும் இல்லாமல், காட்டு விலங்கும் இல்லாமல் நம்மைச் சுற்றி வாழும் எலி, புறா, அணில் போன்றவற்றுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று அதில் ஒரு பகுதி. குடிமக்கள் இல்லை, அந்நியரும் இல்லை, 'டெனிசன்' என்கிறார்கள். இருக்க உரிமை உண்டு, முழு உறுப்பினர் இல்லை. இந்தக் கருத்தை அவர்கள் மனிதக் குடியேறிகளின் நிலையிலிருந்துதான் எடுக்கிறார்கள். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கிற எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டக் கொஞ்சம் நேரம் ஆனது. அதற்காக 'நானும் எலியும் ஒன்று' என்று எழுதி இரக்கம் சம்பாதிப்பது மலிவான வேலை. என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, திரும்பிப்போக வீடு இருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வந்தவன் நான். எலி எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

அந்தப் புத்தகத்தில் இருந்து எனக்கு உபயோகப்பட்டது வேறு ஒன்று. இந்த உயிர்கள் நம் இடத்துக்குள் வராமல் தடுப்பதற்கு நமக்கு உரிமை உண்டு என்பதை அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். கொல்வதுதான் சிக்கல். படிக்கும்போது எளிதாகத் தெரிந்தது. போன ஏப்ரலில் அவ்வளவு எளிதாக இல்லை.

நிறுத்துமிடத்தில் எங்களுக்குப் பக்கத்து வண்டிக்காரர் ஓய்வுபெற்ற அமெரிக்கர். அடுப்புக்குக் கீழே இருந்த டிராயரை இழுத்தவர் என்னைக் கூப்பிட்டார், டார்ச் பிடிக்க. சோபாப் பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் பின்னிய ஒரு கிண்ணம். அதற்குள் ஐந்து குட்டிகள், கண் திறக்காமல், ரப்பர் மாதிரி. தாய் எங்கோ சுவருக்குள். முந்தின நாள்தான் அவர் அடிப்பக்க ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, அடைக்க எல்லாம் வாங்கிவைத்திருந்தார். அடைத்திருந்தால் குட்டிகள் உள்ளே, தாய் வெளியே. அல்லது எல்லாமே உள்ளே. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கையுறையும் முகமூடியும் போட்டு, டிராயரோடு தூக்கிப்போய் வேலிக்கு அந்தப் பக்கம் புதரடியில் வைத்தார். மறுநாள் கிண்ணம் காலி. தாய் வந்திருக்கலாம், காக்கை வந்திருக்கலாம். இரண்டும் வாயால்தான் தூக்கும்.

வராமல் தடுப்பதும் கொல்வதும் எப்போதும் வேறு வேறாக இருப்பதில்லை என்று எனக்குப் பட்டது அங்கேதான். அதே ஓட்டை, அடைக்கிற அதே செம்புவலை. செப்டம்பரில் வெறும் பெட்டியை அடைத்தால் எலிக்கு எதுவும் பறிபோகவில்லை. டிரெய்லர்கள் வருவதற்கு முன்பும் அது விதை சேர்த்து, மரப்பொந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்து பனிக்காலத்தைத் தாண்டிய உயிர்தான். குட்டி போட்ட பிறகு அடைத்தால் அது கொலை, பொறி வைக்காமலேயே. நாம் அறம் பேச உட்காருவது பெரும்பாலும் டிராயரைத் திறந்த பிறகு. அதற்குள் நல்ல பதில்கள் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். ஆளில்லாத இடத்தை என்னுடையது என்று சொல்கிறவனுக்கு ஒரு கடமை இருக்கிறதென்றால், அது வெறுமையாக இருக்கும்போதே எல்லையை மூடிவைப்பது. மழைக்காலத்துக்கு முன்னால் இரண்டு சனிக்கிழமை, முதுகு வலிக்க, டிரெய்லருக்கு அடியில். இதில் கண்ணீருக்கோ பெருந்தன்மைக்கோ வேலையில்லை. அதனாலேயே இதை அறம் என்று சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை என்று நினைக்கிறேன். (டெஸ்ட் எழுதுவதையும் அப்படித்தான் யாரும் வீரம் என்று சொல்வதில்லை.)

எங்கள் முறை இது. முதலில் மூன்று இரவு தரையில் மைதா தூவி வைப்போம். கால்தடம் இல்லையென்றால்தான் அடைப்பு. ஸ்டீல் உல் துருப்பிடிக்கும், செம்புவலைதான் நல்லது. வெறும் ஃபோம் வேண்டாம், கடித்துவிடும். வலையைத் திணித்து அதன்மேல் ஃபோம். பழைய புழுக்கை கண்ணில் பட்டால் கூட்டக் கூடாது, தூசி கிளம்பும். கதவைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் விட்டு, பிளீச் கரைசலில் நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். எல்லாம் முடிந்து உள்ளே இரண்டு அடிபொறி வைப்பேன், சட்டென்று கழுத்தில் விழுகிற வகை. மைதாவையும் ஏமாற்றி ஒன்று உள்ளே இருந்துவிட்டால், அது சுவருக்குள் பட்டினியாகச் சாக வேண்டாம். அதை வைப்பது நான்தான், எடுப்பதும் நான்தான்.

இந்த செப்டம்பரில் மகளும் வந்தாள். இருட்டின பிறகு உள்ளே எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வெளியே இருந்து பார்ப்போம், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஓட்டை. நான் மல்லாக்கப் படுத்து டிரெய்லருக்கு அடியில் இருந்தேன். அவள் சக்கரத்துப் பக்கம் குந்தியிருந்தாள், கையில் ஒரு சாக்பீஸ்.

"அப்பா, இங்க ஒரு நட்சத்திரம்."

"வட்டம் போடும்மா."

போட்டாள். அன்றைக்கு மொத்தம் பதினொன்று.